ஐம்பத்தாறு கிராம்

விரகனூர் ரிங் ரோட்டுக்கு உள்பக்கம்,
நாலாவது வேகத்தடை தாண்டினால்
என் பழைய இரும்புக் கடை.
அட்டை கிலோ பதினொன்று.
பீர் பாட்டில் எடுப்பதில்லை.
செம்புக்கு அன்றன்றைய விலை.

பாதாளச் சாக்கடைக்குக் குழி வெட்ட வந்த ஒச்சு
ஒரு மத்தியானம்
தலைத்துண்டின் முனையில் முடிந்துகொண்டு வந்தான்,
பச்சை பிடித்த பொட்டுப் பொட்டாக.
"மோட்டார் வாஷரா பாருங்கக்கா."
வாஷர் என்றால் நடுவில் ஓட்டை இருக்கும்.
உள்ளங்கையில் புளி வைத்துத் தேய்த்தேன்.
ஒன்றில் ஒரு மூக்கு வந்தது.
இன்னொன்றில் ஒரு காது,
காதுக்குப் பின்னால் ரிப்பன் முடிச்சு மாதிரி ஏதோ.
மற்றதெல்லாம் மொழுக்கை.

முப்பத்தேழு உருப்படி.
தராசில் ஐம்பத்தாறு கிராம்.
கிலோ எழுநூறு வீதம் முப்பத்தொன்பது ரூபாய் இருபது பைசா.
நாற்பதாகப் போட்டேன்.
இரண்டு டீ, ஒரு உளுந்த வடை என்று
ஒச்சு வாய்க்குள்ளேயே பிரித்துக்கொண்டு போனான்.

எவன் எதைக் கொண்டுவந்தாலும் எழுதி வைப்பேன்.
திருட்டுச் சாமான் என்று போலீஸ் வந்தால் காட்ட வேண்டும்.
'பொடிச் செம்பு 56 கி. ஒச்சு. ரோஜா நகர் 3ஆம் குறுக்கு.
குழியில் கிடந்தது. ஆள் உயரத்துக்குக் கீழே.'
சனிக்கிழமை லோடு போனது.
ஃபேன் காயில், ஏசிக் குழாய்,
அந்த மூக்கும்.

எட்டு மாதம் கழித்து ஸ்கூட்டியில் வந்தாள்,
தொல்லியல் துறை, நாச்சம்மை என்று பெயர்.
"யவனர் காசுக்கா. கடல் தாண்டி வந்தது.
தங்கம்னா பெட்டிக்குப் போயிருக்கும்.
இது கடைத்தெருவுல கை மாறின சில்லறை."

சில்லறை என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.
அப்படியானால் எனக்கு முன்னால் எவளோ ஒருத்தி
இதை எண்ணி வாங்கியிருக்கிறாள்.
எண்பது பைசா கூட்டிப் போட்டாளோ,
அமுக்கிக்கொண்டாளோ.

"உருக்கிருப்பாங்களா?"
உருக்கி, கம்பியாக இழுத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு
எந்தச் சுவருக்குள்ளோ செருகியிருப்பார்கள்.
இப்போது யார் வீட்டிலாவது மிக்சி ஓடினால்
அந்த ராசா மூக்கு வழியாகத்தான் கரண்டு போகும்.
இதைச் சொல்லவில்லை.
அவள் ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நோட்டைக் காட்டினேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட ஒரு சின்ன ஸ்கேலை
என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து
நாலு படம் எடுத்தாள்.
"குழி மூடி சிமெண்ட் போட்டாச்சு.
எவ்வளவு ஆழம்னு சொல்ல
இந்த ஒரு வரிதான் பாக்கி."
'ஆள் உயரம்' என்றால் எந்த ஆள் என்று கேட்டாள்.
ஒச்சு குட்டை என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் கூப்பிட்டேன்.
லோடில் முப்பத்தாறுதான் போட்டேன்.
தராசு மேசைக்கு ஒரு கால் கட்டை.
எட்டு மாதமாக ஒரு மொழுக்கைக் காசு
அதற்கு அடியில் நின்றது.
இந்த ஏரியாவின் தகரம், பித்தளை, பழைய பாடப்புத்தகம்
எல்லாம் அதன் தலைமேல்தான் எடை ஆனது.
குனிந்து அவளே எடுத்தாள்.
ஜிப் வைத்த பொடிக் கவர் ஒன்றில் போட்டு
மேலே என் பெயரை எழுதினாள், இனிஷியலோடு.

காலுக்கடியில் ஒரு ரூபாய் வைத்துப் பார்த்தேன்.
ஆட்டம் நிற்கவில்லை.
அன்று சாயங்காலம் முழுக்க எடை கூடுதலாகவே காட்டியது.
கொண்டுவந்தவர்களுக்கு லாபம்.

ராத்திரி ஒச்சுவுக்குப் போன் போட்டேன்.
திருப்பூரில் இருக்கிறான், சாயப்பட்டறைக் குழாய் வேலை.
யவனர், கப்பல், கடைத்தெரு என்று
எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.
கொஞ்ச நேரம் மோட்டார் இரைச்சல் மட்டும் கேட்டது.
அப்புறம் கேட்டான்:
"மூணாம் குறுக்குல அந்த ஜாயிண்டு
ஒழுகுதாக்கா, நிக்குதா?"